வயிற்றில் வார்த்த பால்

பாலைப் பார்த்தாலே சின்னவளுக்கு இப்போதெல்லாம் ஏப்பம் வந்தது. காலையில் கண்ணைத் திறப்பதற்கு முன்பே கட்டிலருகில் ஒரு பெரிய எவர்சில்வர் ஜக் வந்து உட்கார்ந்திருக்கும். அதைக் காலி செய்தால்தான் மற்ற வேலை. பயிற்சிக்குக் கிளம்பும்போது கையில் ஒரு பாட்டில், பயிற்சி முடிந்து வியர்வை அடங்குவதற்குள் இன்னொரு பாட்டில், படுக்கப் போகும்போது மறுபடியும் ஜக். ஒரு நாளைக்கு நாலு லிட்டர். கன்றுக்குட்டிகூட இவ்வளவு குடிக்குமா என்பது சந்தேகம். குடித்தாலும் அதன் எதிரே ஆள் உட்கார்ந்து கடைசிச் சொட்டு வரைக்கும் காவல் காக்க மாட்டார்கள்.

இங்கே காவல் காத்தது அக்கா.

"அடியில இன்னும் இருக்கு பாரு."

"முடியலக்கா. தொண்டை வரைக்கும் நிக்குது. குனிஞ்சா வெளிய வந்துடும்."

"அப்ப குனியாத. நிமிந்து நின்னு குடி."

சின்னவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிப்பாள். அக்கா அவள் மேலுதட்டில் படிந்த வெள்ளை மீசையைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டு, ஜக்கைக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் நகருவாள். அம்மா போனபோது சின்னவளுக்கு விவரம் தெரியாத வயது. தலை வாரியது, சோறு பிசைந்து கொடுத்தது, காய்ச்சலில் பக்கத்தில் படுத்துக்கொண்டது எல்லாம் அக்காதான். அக்கா ஒன்றைக் குடி என்றால் அது என்ன, எதற்கு என்று கேட்கிற வழக்கமே அந்த வீட்டில் கிடையாது.

அக்காவுக்குப் பால் கொண்டுவருவது பெரிய காரியமில்லை. பால் குளிரூட்டும் நிலையத்தில்தான் அவளுக்கு வேலை. வந்து இறங்குகிற கேன் ஒவ்வொன்றையும் கலக்கி, மாதிரி எடுத்து, கண்ணாடி மானியை மிதக்கவிட்டு, எதில் தண்ணீர் கலந்திருக்கிறது, எதில் இல்லை என்று சொல்கிற வேலை. தலையில் அடித்துச் சத்தியம் செய்கிற பால்காரர்கள்கூட அவள் மானியைக் கையில் எடுத்ததும் வேறு பக்கம் பார்ப்பார்கள். அவளை ஏமாற்ற முடியாது. அவள் வீட்டுக்குக் கொண்டுவந்த பாலில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருந்ததில்லை, அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கலப்படம் பாலில் இல்லை.

அக்கா, தங்கை இருவருமே பளு தூக்குகிறவர்கள். பழைய சரக்குக் கிடங்கு ஒன்றின் பின்பாதியில், தகரக் கூரைக்குக் கீழே, ரப்பர் விரிப்பைப் போட்டு மாஸ்டர் நடத்துகிற கூடம் அது. மாஸ்டர் ஒரு காலத்தில் பெரிய பளுவெல்லாம் தூக்கியவர். இப்போது தொப்பையை மட்டும் தூக்கிக்கொண்டு நடக்கிறார். அவருடைய கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. ஒவ்வொரு எடைப் பிரிவிலிருந்தும் ஒரே ஒரு பெண்தான் அணிக்குப் போகலாம். வருடத்தில் ஒரு நாள் தேர்வு நடக்கும். அன்றைக்கு யார் அதிகம் தூக்குகிறாளோ அவளுக்கு அணியின் நீல ஜெர்கின். மற்றவள் வாயை மூடிக்கொண்டு அடுத்த வருடம் வரை வியர்வை சிந்த வேண்டியதுதான்.

அந்த நீல ஜெர்கின்மேல் சின்னவளுக்கு எவ்வளவு ஆசை என்றால், துணி உலர்த்தும் கயிற்றில் நீலமாக எது தொங்கினாலும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பாள். அக்காவுக்கும் அதே ஆசை. இருவரும் ஒரே எடைப் பிரிவு. வினையே அங்கேதான் இருந்தது.

மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு மாலைப் பயிற்சியில் அது நடந்தது. அக்கா ஒரு எடையை மார்பு வரைக்கும் கொண்டுவந்து, மேலே ஏற்ற முடியாமல் கீழே போட்டாள். இரும்பு துள்ளி அடங்கியது. அடுத்த முறை சின்னவளுடையது. மாஸ்டர் தட்டுகளைக் கழற்றப் போனார். "இருக்கட்டும் மாஸ்டர், சும்மா பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு, சின்னவள் அதே எடையைப் பிடித்தாள். எப்படி மேலே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. தலைக்கு மேல் கம்பி அசையாமல் நின்றது. மாஸ்டர் விசிலடித்தார். முதலில் கை தட்டியது அக்காதான். ஓடிவந்து கட்டிக்கொண்டாள். உள்ளங்கையில் பூசியிருந்த வெள்ளைப் பொடி இருவர் முதுகிலும் கைத்தடமாகப் பதிந்தது.

அன்று இரவு சின்னவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தேர்வில் அக்காவைத் தோற்கடிக்கவும் அவளுக்கு மனம் வரவில்லை, அதற்காக ஜெர்கினை விடவும் மனம் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அக்காதான் பேச்சை எடுத்தாள்.

"உனக்கு விஷயம் தெரியுமா? கிரேனுக்குத் தோள் போயிடுச்சாம். இனிமே அவ தூக்கவே முடியாதாம்."

கிரேன் என்பது அடுத்த மேல் எடைப் பிரிவில் இருந்த பெண்ணுக்குக் கூடத்தில் வைத்த பெயர். எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் மேலே ஏற்றிவிடுவாள். அவள் இருக்கும்வரை அந்தப் பிரிவில் வேறு யாரும் தலை காட்ட முடியாது.

"அப்ப மேல் பிரிவு?"

"ஈ ஓட்டிட்டுக் கெடக்கு. உனக்கு எலும்பு பெருசுடி. இந்தப் பிரிவுல நீ இடுக்கிக்கிட்டு நிக்கிற. கொஞ்சம் எடை ஏத்திட்டு மேல போனின்னா பூந்து விளையாடலாம். ரெண்டு பேரும் ஒண்ணாவே அணிக்குப் போலாம். ஒரே பஸ்ல, ஒரே மாதிரி ஜெர்கினப் போட்டுக்கிட்டு."

அந்த வார்த்தை சின்னவள் வயிற்றில் பாலை வார்த்தது. மறுநாள் காலையிலிருந்து அக்கா நிஜமாகவே வார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

முதல் சில வாரங்கள் வயிறு படாத பாடு பட்டது. மேடையில் உட்கார்ந்து எழும்போது உள்ளே பால் குலுங்குகிற சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கே கேட்டது. ஒரு தடவை கம்பியைத் தலைக்கு மேல் நிறுத்தியபோது பெரிதாக ஏப்பம் வந்துவிட்டது. "அடடா, ஹாரன் அடிச்சுட்டு வருதே" என்றார் மாஸ்டர். கூடமே சிரித்தது. சின்னவளும் சிரித்தாள். பிறகு வயிறு பழகிக்கொண்டது. தொடை தடித்தது, தோள் அகன்றது, பழைய சட்டைகள் அக்குளில் கிழிந்தன. எடையும் ஏறியது, பளுவும் ஏறியது.

வீட்டில் அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. அப்பா லாரி எடை மேடையில் வேலை பார்த்தார். சரக்கு லாரியை மேடையில் நிறுத்தி எடை பார்ப்பார்கள், சரக்கை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக மறுபடியும் பார்ப்பார்கள். அந்தப் புத்தி அவருக்கு வீட்டிலும் போகாது. காலையில் சின்னவளை எடைக்கருவியில் ஏற்றி, "காலி வண்டி" என்பார். ஜக்கைக் குடித்ததும் மறுபடி ஏற்றி, "லோடு வண்டி. போகலாம், ரைட்" என்று கையைக் காட்டுவார். அவள் எட்டு கிலோ ஏறிய அன்றைக்கு மட்டும் அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. கருவியின் முள்ளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போதும்மா, இதுக்கு மேல வேணாம்" என்றார். அப்பாவுக்குச் செல்லம் அதிகம், பிள்ளை குண்டாகிவிடுவாளோ என்று பயப்படுகிறார் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். பால் வடிகிற முகம் என்று சும்மாவா சொல்கிறார்கள்.

தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, பெயர் கொடுக்கும் கெடு முடிந்த மறுநாள், கூடத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு கிரேன் உள்ளே வந்தாள்.

தோளில் ஒரு கட்டுகூட இல்லை. பையை மூலையில் வீசினாள், கையில் பொடியைப் பூசிக்கொண்டாள், வெறும் கம்பியை நாலு தடவை தூக்கி இறக்கினாள். பிறகு சின்னவள் அந்த மாதம் முழுக்கப் பாடுபட்டுத் தொட்ட எடையை, பேசிக்கொண்டே தூக்கி வைத்தாள்.  கிரேன் அவளைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"அந்தத் தங்கச்சி நீதானாமே?"

"எந்தத் தங்கச்சி?"

"அட, அக்காவுக்கு எடத்த விட்டுக்கொடுத்துட்டு மேல வந்தவ. மாஸ்டர் போன்ல சொல்லிச் சொல்லி மாஞ்சு போனாரு. எங்க வீட்டுலயும் ஒருத்தன் இருக்கான், டிவி ரிமோட்டக்கூட விட்டுத்தர மாட்டான். அதுவும் நான் திரும்பி வருவேன்னு தெரிஞ்சும் ஏறி வந்திருக்க பாரு, அதுக்கே உன்னக் கும்பிடணும்."

கேலி இல்லை, மனசாரத்தான் சொன்னாள்.  சின்னவள் வெள்ளைப் பொடி பூசிய கையோடு நேராக மாஸ்டரிடம் போனாள்.

"மாஸ்டர், கிரேனுக்குத் தோள் சரியாகாதுன்னு சொன்னாங்களே?"

"யார் சொன்னா? மூணு மாசம் ஓய்வு, அப்புறம் வந்துடுவான்னு டாக்டர் அன்னைக்கே சொன்னாரே. உங்கக்காகிட்ட நான்தான் சொன்னேன்." மாஸ்டர் முகம் கனிந்தது. "உங்கக்கா வந்து சொன்னப்ப எனக்கே கண்ணு கலங்கிடுச்சும்மா. 'என் கூட மோத மாட்டேங்கிறா மாஸ்டர், அவளாவே மேல போறேங்கிறா'ன்னு. கிரேன் வந்துடுவாளேன்னு கேட்டேன். 'அதுவும் தெரியும் மாஸ்டர், தெரிஞ்சேதான் போறா, அவகிட்ட இதப் பத்திக் கேட்டுடாதீங்க, கூச்சப்படுவா'ன்னா. இத்தன வருஷம் கூடம் நடத்துறேன், இப்படி ஒரு பிள்ளைய நான் பாத்ததில்ல."

"நான் கீழ் பிரிவுலயே தூக்குறேன் மாஸ்டர்."

மாஸ்டர் அதையும் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டார். "எட்டு கிலோவ எங்க கழட்டி வைப்ப? பேரும் குடுத்தாச்சு. போ, போய்த் தூக்கு."

அன்றைக்குச் சின்னவள் தூக்கவில்லை. கூடத்திலிருந்து வீடு வரை நடந்தே போனாள். வழியெல்லாம் அவள் மனம் ஒன்றையே சுற்றிச் சுற்றி வந்தது. அக்கா போட்ட எடையை அவள் தூக்கியது ஒரு மாலை, பால் வந்தது மறுநாள் காலை. இதைக் கண்டுபிடிக்க மானியா வேண்டும்? தொடை உரச உரச நடந்தபோது தன் உடம்பே அவளுக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு வாயாகத் தானே விழுங்கித் தானே கட்டிய உடம்பு. இதை வைத்துக்கொண்டு பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. மேலே இருக்கிற கிரேனோ அவளைவிட இளையவள், இன்னும் பல வருடம் அங்கேயே இருப்பாள்.

அக்கா சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். அப்பா மேசையருகே உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? இரு, ஆத்தித் தரேன்" என்றாள் அக்கா, திரும்பாமலே.

"கிரேன் வந்துட்டா."

அக்காவின் கை ஒரு கணம் நின்றது. பிறகு கரண்டி மறுபடியும் சுற்றியது.

"நான் விட்டுக்கொடுத்தேனாமே. எப்பக்கா விட்டுக்கொடுத்தேன்? எனக்கே தெரியாம?"

 பால் பொங்கி வந்தது. அக்கா அடுப்பை அணைத்தாள்.

"சொல்லேன். உன் வாயால ஒரு தடவ சொல்லு, கேக்குறேன்."

"இந்த வருஷத்தோட எனக்கு வயசு வரம்பு முடியுதுடி" என்றாள் அக்கா. இன்னும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அடுத்த வருஷம் என்னை மேடை ஏறவே விட மாட்டாங்க. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தி அரைக் கிலோ, ஒரு கிலோன்னு வந்து தட்டிட்டுப் போனா. எல்லாரும் ஒழிஞ்சாங்கன்னு நினைச்சேன். கடைசில பாத்தா நீ நிக்கிற."

"அதுக்கு? மாடு மாதிரி என்னை ஊட்டித் துரத்தி விட்டுருவியா?"

அப்பா வெங்காயத்தைக் கீழே வைத்தார். "கத்தாதம்மா."

சின்னவள் அவர் பக்கம் திரும்பினாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வெங்காயத் தோலைக் கூட்டிக் குவித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் புரிந்தது. 

"உங்களுக்கும் தெரியுமாப்பா?"

"உனக்கு இன்னும் வயசிருக்கு" என்றார் அப்பா. "அவளுக்கு இதுதான்மா கடைசி. உன்கிட்ட சொல்லிடலாம்னுதான் இருந்தேன்…"

"காலி வண்டி, லோடு வண்டின்னு தினமும் சிரிச்சீங்களே."

அப்பா தோலை அள்ளிக் குப்பையில் போட்டார்.  ஒருத்தி ஊற்றினாள், ஒருவர் நிறுத்துப் பார்த்தார், இவள் மட்டும் வாயைத் திறந்து குடித்தாள். ஒரு வீட்டில் மூன்று பேர் இருந்து, இரண்டு பேர் சேர்ந்துகொண்டால் மூன்றாவது ஆளுக்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் அக்கா வந்து அணைத்துக்கொள்வாள் என்ற பயத்தில் அதை அடக்கிக்கொண்டாள்.

"என்னைக் கேட்டிருக்கலாமே" என்றாள்.

இப்போதுதான் அக்கா திரும்பினாள். முகம் சிவந்திருந்தது, ஆனால் கண் கலங்கவில்லை.

"கேட்டிருந்தா குடுத்திருப்பியா?"

குடுத்திருப்பேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் அக்கா அந்த இடத்திலேயே கூனிக் குறுகிப் போயிருப்பாள். சின்னவளுக்கும் அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் பொய். துணிக் கயிற்றில் தொங்குகிற நீலத்தையெல்லாம் நின்று பார்த்தவள் அவள்.

"மாட்டேன்."

"அது தெரிஞ்சுதான் கேக்கல" என்றாள் அக்கா. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "நடந்தது நடந்துபோச்சு. மாஸ்டருக்கு இது தெரிய வேணாம்டி. நீயா விட்டுக்கொடுத்ததாவே இருக்கட்டும். உனக்கும் அது நல்ல பேருதானே."

இடத்தை எடுத்துக்கொண்டது போதாதென்று, அதை இவளே கொடுத்ததாக இவள் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டாள். சின்னவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் காலை கட்டிலருகே ஜக் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. வேலை முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

தேர்வன்று கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். கீழ் பிரிவு முதலில் நடந்தது. அக்கா நன்றாகவே தூக்கினாள், அதில் குறை சொல்ல முடியாது. கடைசி முறை கம்பி தலைக்கு மேல் நின்றதும் சரி என்று மூன்று நடுவர்களின் வெள்ளை விளக்கும் எரிந்தன. அக்கா மேடையிலேயே மண்டியிட்டு அழுதாள். அப்பா எழுந்து நின்று கை தட்டினார்.

பிறகு மேல் பிரிவு. சின்னவள் தன் வாழ்நாளில் தூக்காத எடையை அன்று தூக்கினாள். கோபத்தில் தூக்கினாள் என்றே வைத்துக்கொள்ளலாம். அக்கா ஜெயித்த எடையைவிடப் பல கிலோ அதிகம். கிரேன் அதற்கும் மேலே தட்டுகளைப் போடச் சொல்லி, எப்போதும்போல முகம் சுளிக்காமல் தூக்கிவிட்டுப் போனாள். நீல ஜெர்கின் கிரேனுக்கு. சின்னவளுக்கு இரண்டாம் இடம். இரண்டாம் இடத்துக்கு அந்தக் கூடத்தில் எதுவும் கிடையாது.

பரிசு கொடுக்கும்போது மாஸ்டர் மைக்கைக் கையில் எடுத்தார். அக்காவுக்கு உரிய ஜெர்கின் அவர் தோளில் தொங்கியது.

"இதை நான் குடுக்கப் போறதில்ல" என்றார். "இதைக் குடுக்க வேண்டிய கை வேற. தனக்குக் கிடைக்க வேண்டியத அக்காவுக்காக விட்டுக்கொடுத்த பொண்ணு ஒண்ணு இங்க உக்காந்திருக்கு. எந்திரிச்சு வாம்மா."

கூடம் கை தட்டியது. கிரேன் விரலை மடக்கி விசிலடித்தாள். சின்னவள் மேடையேறினாள். மாஸ்டர் அவள் கையில் ஜெர்கினைக் கொடுத்தார். துணி அவள் நினைத்ததைவிடக் கனமாக, வழுவழுப்பாக இருந்தது. எதிரே அக்கா நின்றாள். கழுத்தில் வியர்வை வழிந்தது. வேண்டாம், வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். முதல் வரிசையில் அப்பா இரண்டு கையையும் மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஒரு வார்த்தை சொல்லு" என்று மாஸ்டர் மைக்கை நீட்டினார்.

சின்னவள் மைக்கை வாங்கினாள். அவள் குரல் தகரக் கூரையில் பட்டு அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"நான் விட்டுக்கொடுக்கல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அடக்கமாகப் பேசுகிறாள் என்று நினைத்து.

"எங்கிட்ட யாரும் கேக்கவே இல்ல. கிரேன் வர மாட்டான்னு சொல்லி, பாலக் குடுத்து, எடைய ஏத்தி, என்னை மேல அனுப்பிட்டாங்க. இதுதான் நடந்தது. கேட்டிருந்தா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன். அதனால என்னை யாரும் பாராட்ட வேணாம்."

சிரிப்பு நின்றது. மாஸ்டர் வாய் திறந்தபடி அக்காவைப் பார்த்தார். கிரேன் கையிலிருந்த தன் ஜெர்கினை என்ன செய்வதென்று தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தாள். சின்னவள் மைக்கை மாஸ்டரிடம் கொடுத்துவிட்டு அக்காவின் எதிரே போய் நின்றாள்.  இப்போதாவது அக்கா வாயைத் திறப்பாள், வேண்டாம்டி, இது எனக்கு வேண்டாம் என்று சொல்வாள் என்று இன்னும் எங்கேயோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள்.

"இந்தா" என்று ஜெர்கினை நீட்டினாள்.

அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.